பழுதில்லாப் பெயர்

நுழையும்முன்

ஒரு பொருளின் பெயர் மக்கள் நாவில் நிலைபெற்றுவிட்டால், அது விளம்பரங்களையும் விலைப்பட்டியல்களையும் கடந்து வாழும். வானொலிப்பெட்டி, டேப் ரிக்கார்டர் என்றாலே ஜப்பான் நாட்டை நினைக்கும் வழக்கம் தமிழகத்தில் ஒரு தலைமுறைக் காலம் நிலவியது. அந்த நம்பிக்கை ஒரே நாளில் பிறந்ததன்று. ஒருவரால் மட்டும் விளைந்ததும் அன்று. அதனை உருவாக்கிய பலருள் முன்னோடியாக விளங்கிய ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளத்தாக்கில் ஒலித்த பெயர்

மேற்கே ஏலமலைத் தொடரும் கிழக்கே மேகமலை, வருசநாட்டு மலைகளும் அரணாக நிற்க, நடுவே முல்லைப் பெரியாற்று நீரால் செழித்திருப்பது கம்பம் பள்ளத்தாக்கு. நெல் வயல்களும் திராட்சைப் பந்தல்களும் தென்னந்தோப்புகளும் நிறைந்த இப்பகுதிக்கு இசையோடும் நெருங்கிய உறவு உண்டு. இளையராஜா பிறந்த பண்ணைப்புரம் இப்பள்ளத்தாக்கைச் சேர்ந்த ஊராகும். 1976ஆம் ஆண்டு அன்னக்கிளி திரைப்படம் வெளிவந்த பின்னர், அவருடைய இசை தமிழகத்தின் ஊர்கள்தோறும் பரவியது. அவ்விசையை மலையடிவாரச் சிற்றூர்களுக்கும் தேநீர்க் கடைகளுக்கும் திருமண வீடுகளுக்கும் கொண்டு சேர்த்தவற்றுள் வானொலியும் ஒலிநாடாவும் முதன்மையானவை.

அக்காலத்தில் வெளிநாட்டு மின்னணுப் பொருள்களை இறக்குமதி செய்வதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளும் மிகுந்த வரியும் இருந்தன. வளைகுடா நாடுகளுக்கும் சிங்கப்பூருக்கும் பணிக்குச் சென்றோர் ஊர் திரும்புகையில் கொண்டுவந்த பெட்டிகளும், சென்னையில் 1969ஆம் ஆண்டு தோன்றிய பர்மா பஜார் போன்ற கடைவீதிகளில் விற்கப்பட்ட பெட்டிகளுமே மக்கள் அறிந்த வெளிநாட்டுக் கருவிகள். சோனி, அகாய், சான்யோ, நேஷனல் பானாசோனிக் என அவற்றின் முகப்பில் பொறிக்கப்பட்டிருந்த பெயர்கள் அனைத்தும் ஜப்பானியப் பெயர்களே. வானொலியும் ஒலிநாடா இயக்கியும் ஒன்றாய் இணைந்த பெட்டியை மக்கள் டூ இன் ஒன் என்று வழங்கினர். அது வீட்டின் நடுக்கூடத்தில் தைத்த துணியுறையோடு வீற்றிருந்தது. பழுதுபார்ப்போரும் வாங்குவோரும் ஜப்பான் பெட்டி என்று ஒரு பொருளைச் சுட்டினால், அது நெடுநாள் உழைக்கும் என்பதே பொருளாயிற்று.

இப்பெயருக்கு ஒரு மறுபக்கமும் உண்டு. இரண்டாம் உலகப்போருக்கு முன்னர் உலகச் சந்தைகளில் ஜப்பான் பொருள் என்றால் விலை மலிந்தது, விரைவில் உடையக்கூடியது என்றே பலரும் கருதினர். இகழ்ச்சிக்குரியதாய் இருந்த அப்பெயர் ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளில் நம்பிக்கையின் பெயராக மாறியது. அம்மாற்றத்தின் உள்ளீட்டை அறிய விரும்புவோர் நேஷனல், பானாசோனிக் ஆகிய பெயர்களுக்குப் பின்னால் நின்ற கொனோசுகே மட்சுஷிதாவின் வாழ்க்கையை அறிதல் வேண்டும்.

வறுமையில் தொடங்கிய வாழ்வு

மட்சுஷிதா 1894ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் ஜப்பானின் வாகயாமா மாநிலத்தில் உள்ள வாசா என்னும் சிற்றூரில் பிறந்தார். எட்டுக் குழந்தைகளுள் அவரே கடைக்குட்டி. நிலபுலன்களோடு வாழ்ந்த குடும்பம் அது. தந்தையார் அரிசி விலையின் ஏற்ற இறக்கத்தை நம்பி ஊக வணிகத்தில் பொருளை இட்டு, நிலத்தையும் வீட்டையும் இழந்தார். குடும்பம் வாகயாமா நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே தொடங்கிய மரக்காலணிக் கடையும் நிலைக்கவில்லை. வறுமையோடு நோயும் வந்து சேர்ந்தது. உடன்பிறந்தோர் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர்.

1904ஆம் ஆண்டு, ஒன்பது வயதுச் சிறுவனாகிய மட்சுஷிதா தொடக்கப்பள்ளிப் படிப்பைக்கூட முடிக்காமல், ஒசாகா நகரில் கரியடுப்பு விற்கும் கடையொன்றில் வேலை பழகும் சிறுவனாகச் சேர்க்கப்பட்டார். தொடர்வண்டி நிலையத்தில் தாயைப் பிரிந்து தனியே புறப்பட்ட அந்நாள் அவர் நினைவை விட்டு என்றும் அகலவில்லை. சில மாதங்களில் அக்கடை மூடப்பட்டதால், மிதிவண்டிக் கடை ஒன்றில் சேர்ந்தார். அக்காலத்தில் மிதிவண்டி என்பது செல்வர்க்கே உரிய அரும்பொருள். கடையைப் பெருக்குதல், பொருள்களைத் துடைத்தல், இரும்பைக் கடைதல், வாடிக்கையாளரை வரவேற்றல் என ஏறத்தாழ ஆறாண்டுகள் அங்கே உழைத்தார். வாங்குபவரின் முகக்குறிப்பை உணரவும், விற்ற பொருள் திரும்பி வந்தால் அதனைச் செப்பனிடவும் அவர் கற்ற பள்ளி அந்தக் கடையே.

இடையில், ஒசாகாவில் அலுவலகப் பணியொன்றில் அவரைச் சேர்த்து, மாலையில் படிக்கவைக்கலாம் என வீட்டில் பேச்சு எழுந்தது. தந்தையார் அதற்கு இசையவில்லை. வணிகத்தைக் கற்றுத் தேர்ந்தால், கற்றவர்களையும் பணியமர்த்தும் நிலைக்கு உயரலாம் என்று அவர் கருதினார். மட்சுஷிதா மிதிவண்டிக் கடையிலேயே தொடர்ந்தார். 1906ஆம் ஆண்டு தந்தையார் காலமானார்.

மின்விளக்கின் வழியே

அந்நாளில் ஒசாகாவின் தெருக்களில் மின்சாரத்தால் இயங்கும் டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கியிருந்தன. வருங்காலம் மின்சாரத்தின் கையில் இருக்கிறது என்பதை உணர்ந்த மட்சுஷிதா, 1910ஆம் ஆண்டு ஒசாகா மின்விளக்கு நிறுவனத்தில் கம்பி இணைக்கும் பணியில் சேர்ந்தார். திறமையால் விரைந்து உயர்ந்து, 22ஆம் வயதில் மேற்பார்வை ஆய்வாளர் ஆனார். 1915ஆம் ஆண்டு முமெனோ என்னும் பெண்ணை மணந்தார்.

பணியில் இருந்தபோது விளக்குகளைப் பொருத்தும் தாங்கி ஒன்றை மேம்படுத்தி, புதிதாக வடிவமைத்தார். மேலதிகாரி அதனை ஏற்கவில்லை. நுரையீரல் நோயும் அவரை வாட்டியது. அன்றாடம் கூலி பெறும் வேலையாயின், நோயுற்ற நாளில் வருவாய் இல்லை. இவ்விரு காரணங்களும் சேர, 1917ஆம் ஆண்டு அவர் வேலையைத் துறந்தார். கையில் இருந்தது ஏறத்தாழ நூறு யென். மனைவி, மனைவியின் இளவல் தொஷியோ இயுவே, பழைய உடன்பணியாளர் இருவர் ஆகியோரோடு, தாம் குடியிருந்த சிறிய வீட்டிலேயே தொழிலைத் தொடங்கினார்.

விளக்குத் தாங்கியை வாங்குவார் இல்லை. உடன்வந்த நண்பர்கள் இருவரும் பிழைப்பைத் தேடிப் பிரிந்து சென்றனர். முமெனோ தம் பட்டாடைகளை அடகு வைத்துக் குடும்பத்தை நடத்தினார். ஆண்டு முடியும் தறுவாயில், மின்விசிறிக்கு வேண்டிய மின்காப்புத் தட்டுகள் ஆயிரம் செய்து தருமாறு ஒரு நிறுவனம் கேட்டது. மூவரும் இரவுபகலாக உழைத்து அவற்றை முடித்துக் கொடுத்தனர். அவ்வூதியம் தொழிலைக் காத்தது. 1918ஆம் ஆண்டு மார்ச் 7ஆம் நாள் ஒசாகாவின் ஒஹிராகி பகுதியில் மட்சுஷிதா மின்பொருள் தொழிலகம் தொடங்கப்பெற்றது.

ஐம்பது மணிநேர வெளிச்சம்

அந்நாளில் மிதிவண்டி ஓட்டுவோர் இரவில் மெழுகுவத்தி அல்லது எண்ணெய் விளக்கை ஏற்றிச் சென்றனர். காற்று வீசினால் அவை அணைந்தன. மின்கல விளக்குகளும் சில இருந்தன. அவை இரண்டு, மூன்று மணிநேரத்தில் மங்கின. இருளில் வயலுக்கு நீர்பாய்ச்சச் செல்லும் கம்பம் பள்ளத்தாக்கு உழவருக்கு அணையாத கைவிளக்கின் அருமை விளங்கும். அத்தகைய தேவையையே மட்சுஷிதாவும் கண்டார். ஆறு மாத காலம் பல்வேறு மாதிரிகளைச் செய்து பார்த்து, 1923ஆம் ஆண்டு துப்பாக்கிக் குண்டின் வடிவிலான மின்கல விளக்கை உருவாக்கினார். அது முப்பது முதல் ஐம்பது மணிநேரம் வரை தொடர்ந்து எரிந்தது.

மொத்த வணிகர்கள் அதனை நம்பவில்லை. முன்னர் வாங்கிய மின்கல விளக்குகளால் ஏமாந்தவர்கள் அவர்கள். மட்சுஷிதா அவர்களோடு வாதிடவில்லை. மிதிவண்டிக் கடைகள்தோறும் விளக்குகளைக் கொடுத்து, ஒன்றை அங்கேயே எரியவிட்டு வந்தார். சொன்ன நேரம்வரை எரிந்தால் மட்டும் பணம் தந்தால் போதும் என்பது ஏற்பாடு. விளக்கு எரிந்தது, கடைக்காரர்கள் நம்பினர், மொத்த வணிகர்கள் தாமே தேடி வந்தனர். தம் பொருளின் தரத்தை மெய்ப்பிக்கும் செலவை வாங்குபவர்மீது சுமத்தாமல் தாமே ஏற்ற இச்செயலில், பிற்கால வாழ்வின் வித்து அடங்கியிருந்தது.

1927ஆம் ஆண்டு சதுர வடிவ விளக்கு ஒன்றை உருவாக்கியபோது, அதற்கு நேஷனல் என்னும் பெயரை இட்டார். நாட்டு மக்கள் அனைவர்க்கும் உரியது என்னும் கருத்தில் சூட்டிய பெயர் அது. அதனை அறிமுகம் செய்யப் பத்தாயிரம் விளக்குகளை விலையின்றி வழங்கும் துணிவு அவருக்கு இருந்தது. அதே ஆண்டில் அவருடைய ஒரே மகன் குழந்தைப் பருவத்திலேயே இறந்தான். புகழும் துயரமும் ஒரே ஆண்டில் அவர் வீட்டு வாயிலில் வந்து நின்றன.

வேலை நீக்கமில்லா முடிவு

1929ஆம் ஆண்டு அமெரிக்காவில் தோன்றிய பொருளாதாரப் பெருமந்தம் ஜப்பானையும் தாக்கியது. ஆண்டிறுதியில் நிறுவனத்தின் விற்பனை பாதிக்கும் கீழே சரிந்தது. கிடங்குகள் விற்காத பொருள்களால் நிரம்பின. மட்சுஷிதா நோயுற்றுப் படுக்கையில் இருந்தார். பணியாளர்களில் பாதிப்பேரை நீக்குவதைத் தவிர வேறு வழியில்லை என மேலாளர்கள் தெரிவித்தனர். நாடெங்கும் ஆலைகள் அதனையே செய்துகொண்டிருந்தன.

மட்சுஷிதாவின் முடிவு வேறாக இருந்தது. உற்பத்தியைப் பாதியாகக் குறைத்து, பணிநேரத்தை அரைநாளாக்கி, ஒருவரையும் நீக்காமல் முழு ஊதியம் வழங்க ஆணையிட்டார். எஞ்சிய நேரத்திலும் விடுமுறை நாள்களிலும் அனைவரும் கிடங்கிலுள்ள பொருள்களை விற்க வேண்டும் என்பது ஏற்பாடு. சில மாதங்களுக்குள் கிடங்குகள் காலியாயின. ஆலை மீண்டும் முழுநேரம் இயங்கியது. ஊதியம் குறையாத தொழிலாளியின் கைகளிலிருந்து குறையில்லாப் பொருள் பிறக்கும் என்பதற்கு அந்நாள்கள் சான்றாயின.

திரும்பி வந்த வானொலிகள்

ஜப்பானில் 1925ஆம் ஆண்டு வானொலி ஒலிபரப்பு தொடங்கியது. வானொலிப்பெட்டிகள் விரைவில் பரவினாலும் அவை அடிக்கடி பழுதாயின. மட்சுஷிதா விரும்பிக் கேட்க இருந்த ஒரு நிகழ்ச்சியின்போதே அவர் வீட்டுப் பெட்டி செயலற்றுப்போனது. பழுதாகாத வானொலியைத் தாமே செய்வதென அவர் உறுதிகொண்டார். தம்மிடம் அத்தொழில்நுட்பம் இல்லாமையால், 1930ஆம் ஆண்டு வானொலி செய்யும் நிறுவனம் ஒன்றோடு கூட்டுச் சேர்ந்தார்.

விளைவு பெருந்தோல்வியாக முடிந்தது. விற்ற பெட்டிகள் குவியல் குவியலாகத் திரும்பி வந்தன. அவர் காரணத்தை ஆராய்ந்தார். அதுவரை அப்பெட்டிகளை விற்றவை வானொலிக்கெனவே இருந்த தனிக்கடைகள். தளர்ந்த திருகுகளையும் குறைகளையும் அங்கிருந்த வல்லுநர் சரிசெய்த பின்னரே வாங்குபவர் கையில் கொடுத்தனர். மட்சுஷிதாவின் பொருள்களை விற்றவர்களோ எளிய மின்பொருள் கடைக்காரர்கள். அவர்களுக்கு அந்நுட்பம் தெரியாது. வல்லுநர் உள்ள கடைகளின் வழியே மட்டும் விற்கலாம் என்றனர் கூட்டாளிகள். நுட்பம் அறியாதவர் விற்றாலும் பழுதின்றி இயங்க வேண்டும். குறையைக் களைய வேண்டிய இடம் ஆலையே என்பது மட்சுஷிதாவின் நிலைப்பாடு. இரு தரப்பாரும் பிரிந்தனர். இழப்பை அவர் ஏற்றுக்கொண்டார்.

பின்னர், தம் ஆய்வுப் பிரிவின் தலைவர் நகாவோவிடம் வானொலியை வடிவமைக்கும் பொறுப்பை ஒப்படைத்தார். நகாவோ வானொலித் துறையில் முன்னனுபவம் இல்லாதவர். கடைகளில் கிடைக்கும் பெட்டிகளைக் கழற்றிப் பார்த்துப் பிறர் கற்றுக்கொள்ளும்போது, ஆய்வகம் இருக்கும் நம்மால் இயலாதா என்பதே மட்சுஷிதா அவருக்கு ஊட்டிய நம்பிக்கையின் சாரம். ஏறத்தாழ மூன்று மாதங்களில் உருவான அப்பெட்டி, ஒலிபரப்பு நிலையம் 1931ஆம் ஆண்டு நடத்திய போட்டியில் முதற்பரிசு பெற்றது.

அதற்கு அடுத்த ஆண்டு மற்றொரு செயலால் அவர் துறையினர் அனைவரையும் வியக்கவைத்தார். வானொலியின் இன்றியமையாத பகுதியொன்றுக்கான காப்புரிமை தனியொருவரிடம் இருந்தது. அதனால் பிற உற்பத்தியாளர்கள் நல்ல பெட்டிகளை வடிவமைக்க இயலாமல் இடர்ப்பட்டனர். மட்சுஷிதா 25,000 யென் கொடுத்து அக்காப்புரிமையை வாங்கி, போட்டியாளர் உட்பட அனைவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என அறிவித்தார். ஒரு நிறுவனத்தின் வானொலி மட்டும் சிறந்தால் அந்நிறுவனத்திற்குப் பெயர் கிட்டும். எல்லா வானொலிகளும் சிறந்தால் நாட்டுக்கே பெயர் கிட்டும். ஜப்பான் பெட்டி என்னும் சொல்லுக்குப் பின்னாளில் அமைந்த மதிப்பின் வேர்களுள் ஒன்று இங்கே ஊன்றப்பட்டது.

குழாய் நீரும் பெருநோக்கமும்

1932ஆம் ஆண்டு மே 5ஆம் நாள் மட்சுஷிதா தம் பணியாளரைக் கூட்டித் தொழிலின் நோக்கத்தை விளக்கினார். வெயிலில் வரும் வழிப்போக்கர் ஒருவர் தெருக்குழாயில் நீர் அருந்தினால், அந்நீருக்கு விலையுண்டு எனினும் அவரை யாரும் கடிவதில்லை. நீர் ஏராளமாக இருப்பதே காரணம். வீட்டுக்குப் பயன்படும் பொருள்களும் குழாய் நீரைப்போல் மலிந்து, எளியவர்க்கும் எட்ட வேண்டும். வறுமையை அகற்றுவதே தொழிலின் கடமை என்பது அவர் கருத்து. அதற்கென 250 ஆண்டுத் திட்டத்தையும் வகுத்தார். தம் வாழ்நாளில் முடியாத பணியைத் தொடங்குகிறோம் என அறிந்தே தொடங்கிய திட்டம் அது.

போரும் வீழ்ச்சியும்

அவ்வாழ்வில் இருள் சூழ்ந்த பகுதியும் உண்டு. இரண்டாம் உலகப்போரின்போது, படைத்துறையின் ஆணைப்படி அவருடைய நிறுவனம் மரக்கப்பல்களையும் மர வானூர்திகளையும் செய்தது. வீட்டுக்கு விளக்குச் செய்த கைகள் போருக்குக் கருவி செய்தன. 1945ஆம் ஆண்டு ஜப்பான் தோல்வியுற்றது. போருக்குத் துணைநின்ற பெருநிறுவனங்களுள் ஒன்றாக அவருடைய நிறுவனமும் சேர்க்கப்பட்டது, சொத்துகள் முடக்கப்பட்டன, அவர் பொறுப்பிலிருந்து விலக வேண்டிய நிலை ஏற்பட்டது.

அப்போது எதிர்பாராத ஓர் இடத்திலிருந்து துணை வந்தது. பல ஆலைகளில் தொழிற்சங்கங்கள் முதலாளிகளை விலக்கக் கோரிய காலத்தில், மட்சுஷிதாவின் தொழிலாளர்கள் அவரை விலக்க வேண்டா எனக் கையொப்பமிட்டு முறையிட்டனர். 1929ஆம் ஆண்டில் ஊதியம் குறையாமல் காக்கப்பட்டவர்களின் நன்றி அதில் இருந்தது. 1947ஆம் ஆண்டு அவர்மீதான தடை நீங்கியது. எனினும் கடனும் வரிநிலுவையும் தொடர்ந்து அழுத்தின. ஒருவரையும் நீக்காதவர் எனப் பெயர்பெற்ற அவரே, 1950ஆம் ஆண்டு பணியாளர் சிலரைக் குறைக்க நேர்ந்தது. நற்பெயர் ஒருமுறை ஈட்டினால் போதும் என்பதில்லை. அதனைக் காக்க இயலாத நாள்களும் வரும் என்பதை அவர் உணர்ந்த காலம் அது.

உலகச் சந்தையில்

ஜப்பானியத் தொழில்துறை முழுவதுமே அப்போது தன்னைத் திருத்திக்கொண்டிருந்தது. 1950ஆம் ஆண்டு அமெரிக்கப் புள்ளியியல் அறிஞர் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானுக்கு வந்து தரக்கட்டுப்பாடு குறித்து விரிவுரையாற்றினார். செய்துமுடித்த பொருள்களில் குறையுள்ளவற்றைப் பொறுக்கி எறிவதைவிட, குறை தோன்றாதவாறு செய்முறையையே சீராக்குவது சிறந்தது என்பது அவர் அறிவுறுத்திய நெறி. 1951ஆம் ஆண்டு முதல் அவர் பெயரால் தரத்திற்கான பரிசும் வழங்கப்படுகிறது. குறையைக் களையும் இடம் ஆலையே என்று வானொலித் தோல்வியில் கற்ற மட்சுஷிதாவின் எண்ணமும் இந்நெறியும் ஒரே திசையில் சென்றன.

1952ஆம் ஆண்டு நெதர்லாந்தின் பிலிப்ஸ் நிறுவனத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டார். தொழில்நுட்பத்திற்கு பிலிப்ஸ் கட்டணம் கேட்டது. நிருவாகத் திறனுக்கும் மதிப்புண்டு என வாதிட்டு, தம் பங்குக்கு நிருவாகக் கட்டணம் பெறும் உரிமையை மட்சுஷிதா நிலைநாட்டினார். தோற்ற நாட்டின் தொழிலதிபர் ஒருவர் ஐரோப்பியப் பெருநிறுவனத்தோடு நிகராக அமர்ந்து பேசியது அக்காலத்தில் சிறிய செய்தியன்று. அதே பிலிப்ஸ் நிறுவனமே 1963ஆம் ஆண்டு சிறிய ஒலிநாடாப் பேழையை உருவாக்கியது. அதனை இயக்கும் பெட்டிகளை எளிய விலையில் உலகெங்கும் கொண்டு சேர்த்தவை ஜப்பானிய நிறுவனங்கள்.

1955ஆம் ஆண்டு அமெரிக்காவுக்கு ஒலிபெருக்கிகளை ஏற்றுமதி செய்தபோது, அங்கே நேஷனல் என்னும் பெயரைப் பயன்படுத்த இயலாத நிலை இருந்தது. அதனால் பிறந்த புதுப்பெயரே பானாசோனிக். 1965ஆம் ஆண்டு டெக்னிக்ஸ் என்னும் பெயரில் உயர்தர ஒலிக்கருவிகள் வெளிவந்தன. 1970ஆம் ஆண்டு அப்பெயரில் வந்த இசைத்தட்டு சுழலியில், பட்டை இணைப்பு இல்லாமல் மோட்டார் நேரடியாகத் தட்டைச் சுழற்றியது. தேய்ந்து அறுந்துபோகும் ஓர் உறுப்பு நீங்கியதால் இசையின் வேகம் சீராயிற்று. பழுதுக்கான ஒரு வாயிலும் அடைபட்டது.

தெரிந்து தெளிவோம்

எல்லாம் என்னும் பொருள்தரும் கிரேக்கச் சொல்லும், ஒலியைக் குறிக்கும் சொல்லும் இணைந்து பிறந்ததே பானாசோனிக் என்னும் பெயர். மட்சுஷிதாவோடு தொழிலைத் தொடங்கிய மைத்துனர் தொஷியோ இயுவே, 1947ஆம் ஆண்டு தனியே தொடங்கிய தொழிலே சான்யோ ஆயிற்று. சான்யோ என்பதற்கு மூன்று பெருங்கடல்கள் என்பது பொருள். தமிழக இல்லங்களில் அருகருகே ஒலித்த இவ்விரு பெயர்களும் ஒரே சிறுவீட்டில் வேர்கொண்டவை. 1972ஆம் ஆண்டு சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்ட இந்தோ நேஷனல் நிறுவனம், மட்சுஷிதா நிறுவனத்தின் தொழில்நுட்ப ஒத்துழைப்போடு நிப்போ மின்கலங்களைச் செய்தது. தமிழகச் சிற்றூர்களின் கைவிளக்கிலும் வானொலியிலும் அம்மின்கலங்கள் இடம்பெற்றன.

தலைகுனிந்த தலைவர்

1961ஆம் ஆண்டு மட்சுஷிதா நிறுவனத் தலைவர் பொறுப்பிலிருந்து விலகி, அவைத்தலைவர் ஆனார். 1964ஆம் ஆண்டு நாட்டில் விற்பனை மந்தமுற்றது. நிறுவனத்தின் பொருள்களை விற்ற முகவர்களுள் பெரும்பாலோர் இழப்பில் தத்தளித்தனர். அவர்கள் அனைவரையும் அவ்வாண்டு ஜூலை மாதம் அதாமி என்னும் ஊருக்கு அழைத்துக் கூட்டம் நடத்தினார். முகவர்கள் ஒவ்வொருவராக எழுந்து நிறுவனத்தின் குறைகளை அடுக்கினர். மட்சுஷிதா மேடையில் நின்றவாறே கேட்டார். தொடக்கத்தில் மறுமொழியும் கூறினார். மூன்றாம் நாள், தவறு நிறுவனத்தினுடையதே என ஏற்று, கண்ணீர் மல்க மன்னிப்புக் கோரினார். தொழில் தொடங்கிய நாளில் தம் விளக்கை வாங்கி விற்று உதவியவர்களை நினைவுகூர்ந்தார்.

கண்ணீரோடு அவர் நின்றுவிடவில்லை. எழுபதை எட்டிய வயதில் விற்பனைப் பிரிவின் பொறுப்பை மீண்டும் தாமே ஏற்று, விற்பனை முறையைத் திருத்தியமைத்தார். முகவர்கள் மீண்டனர். வெற்றியின் உச்சியில் இருந்த ஒருவர், தம் பொருளை விற்கும் சிறு வணிகர்முன் தலைகுனிந்தது, தரம் என்பதன் மற்றொரு பொருளை உணர்த்துகிறது. பொருளில் குறை நேராதவாறு காப்பது ஒருவகைத் தரம். குறை நேர்ந்தபின் அதனைத் தம்முடையதென ஏற்பது மற்றொருவகைத் தரம்.

1946ஆம் ஆண்டு அமைதியும் வளமும் மகிழ்ச்சியும் குறித்து ஆராயும் நிறுவனத்தையும், 1979ஆம் ஆண்டு இளையோர்க்கு ஆட்சித்திறனைப் பயிற்றும் கல்வி நிறுவனத்தையும் அவர் தோற்றுவித்தார். தொடக்கப்பள்ளியைக்கூட முடிக்காதவர் பள்ளி ஒன்றை நிறுவினார். 1989ஆம் ஆண்டு ஏப்ரல் 27ஆம் நாள், தம் 94ஆம் வயதில் காலமானார்.

பெயருக்கு உரியவர் யார்?

மட்சுஷிதா மறைந்து பல்லாண்டுகள் ஆயின. 2008ஆம் ஆண்டு நிறுவனத்தின் பெயரே பானாசோனிக் என மாற்றப்பட்டது; அவர் ஆசையோடு சூட்டிய நேஷனல் என்னும் பெயரும் வழக்கொழியத் தொடங்கியது. ஒலிநாடாக்கள் பரண்களில் உறங்குகின்றன. கம்பம் பள்ளத்தாக்கின் தேநீர்க் கடைகளில் கைப்பேசிகள் பாடுகின்றன. ஜப்பானியப் பெயர் தாங்கிய பல பொருள்கள் இன்று வேறு நாடுகளில் செய்யப்படுகின்றன. ஆயினும் ஜப்பான் பொருள் என்னும் சொல்லில் ஒலிக்கும் நம்பிக்கை இன்னும் முற்றிலும் மங்கவில்லை.

அந்நம்பிக்கை, பொருளைச் செய்த இடத்தின் மண்ணிலோ இனத்தின் இயல்பிலோ இருந்து முளைத்ததன்று. அதே நாட்டின் பொருள்களைத்தான் உலகம் ஒருகாலத்தில் இகழ்ந்தது. எரியும் விளக்கைக் கடையில் விட்டுவந்த நாளிலும், திரும்பி வந்த வானொலிகளின் இழப்பை ஏற்ற நாளிலும், காப்புரிமையை அனைவர்க்கும் திறந்துவிட்ட நாளிலும், அதாமியில் தலைகுனிந்த நாளிலும் அப்பெயர் சிறிது சிறிதாகச் செய்யப்பட்டது. அவரைப் போன்றோர் பலர், பெயர் அறியப்படாத தொழிலாளர் எண்ணற்றோர், அதில் பங்கேற்றனர்.

பெயரால் அறியப்படும் பொருள்கள் நம் மண்ணிலும் உண்டு. போடிநாயக்கனூர் என்றால் ஏலக்காய் நினைவுக்கு வருகிறது. கம்பம் பன்னீர்த் திராட்சைக்கு 2023ஆம் ஆண்டு புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயரே பொருளின் தரத்திற்குச் சான்றாக நிற்கும் உரிமையை அக்குறியீடு வழங்குகிறது. அவ்வுரிமையோடு ஒரு கடமையும் சேர்ந்தே வருகிறது. ஒரு பெட்டியில் மேலடுக்கில் நல்ல கனியும் அடியில் அழுகிய கனியும் அடுக்கப்பட்டால், குன்றுவது அனுப்பியவரின் பெயர் மட்டும் அன்று. பள்ளத்தாக்கு முழுவதன் பெயரும் குன்றும். ஒவ்வொரு பெட்டியும் அடிவரை ஒரே தரத்தோடு சென்றால், தொலைவில் உள்ள ஒருவர் இவ்வூரைக் காணாமலே நம்புவார். மட்சுஷிதாவைக் காணாமலே, அவருடைய மொழியை அறியாமலே, தேனியிலும் கம்பத்திலும் அவர் பெட்டியை நம்பி வாங்கிய மக்களைப்போல.